மணலும் இரண்டு பேரும்: ஜோத்பூர் முதல் ஜெய்சல்மேர் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஜெய்சல்மேருக்கு அருகே சாம் மணல்மேட்டில் நாங்கள் கழித்த முதல் இரவில், எங்கள் கூடாரத்துக்கும் பாட்டு மேடைக்கும் நடுவே முப்பதடி இருந்திருக்கும். மேடையின் இருபுறமும் ஆளுயர ஸ்பீக்கர்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஒரே பஞ்சாபிப் பாட்டு மூன்றாவது முறையாக ஓடியபோது என் மனைவி போர்வையை விலக்கிவிட்டு, “இதுக்கு தி.நகர்லயே ஏதாவது கல்யாண மண்டபத்துக்குப் பக்கத்துல ரூம் போட்டிருக்கலாம்” என்றார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. கூடாரம் பதிவு செய்தது நான்தான். ‘மணல் பார்த்த கூடாரம்’ என்று படம் போட்டிருந்தார்கள். மணல் தெரிந்தது, அதற்கு முன்னால் நின்ற முப்பது ஜீப்புகளும் தெரிந்தன.

மூன்று வருஷம் கழித்து அதே பாலைவனத்துக்கு மறுபடி போனோம். இந்த முறை வரிசையை மாற்றினோம். எதையெல்லாம் பார்ப்பது என்பதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, எங்கே தூங்குவது என்பதை முதலில் முடிவு செய்தோம். கீழே உள்ளவை அந்த இரண்டு பயணங்களிலும் கற்றவை. ராஜஸ்தான் பக்கமே போகாத, மணலில் கால் வைக்காத தம்பதிக்காக எழுதுகிறேன்.

1. முதலில் காலண்டரை எடுங்கள்

தார் பாலைவனத்துக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் பருவம். போகும் வழியிலுள்ள பலோடியில்தான் 2016 மே 19 அன்று 51 டிகிரி செல்சியஸ் பதிவானது. அந்த ஊரைத் தாண்டித்தான் நீங்கள் போகப்போகிறீர்கள் என்பதை நினைவில் வையுங்கள், ‘மே மாசம் ரேட் குறைவு’ என்ற ஆசை தானாகப் போய்விடும்.

பருவத்துக்குள்ளும் இரண்டு வாரங்களைத் தவிர்க்கலாம். ஒன்று, தீபாவளியை ஒட்டிய வாரம். பக்கத்து மாநிலமான குஜராத்தே குடும்பம் குடும்பமாக இங்கே வந்து இறங்கும். இன்னொன்று, கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை. விலை ஏறுவது ஒரு பக்கம், சாம் சாலையில் வண்டி நகராது. தை அல்லது மாசிப் பௌர்ணமி வாக்கில் ஜெய்சல்மேரில் நடக்கும் பாலைவனத் திருவிழா வேறு கணக்கு. ஒட்டகப் பந்தயமும் தலைப்பாகை கட்டும் போட்டியும் பார்க்க ஆசை என்றால் அப்போது போகலாம், அமைதி வேண்டுமென்றால் வேண்டாம்.

அடுத்து வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் பாருங்கள். இது விளையாட்டுப் பேச்சில்லை. நட்சத்திரம் பார்க்க வேண்டுமானால் அமாவாசையை ஒட்டிப் போக வேண்டும். நிலவொளியில் மணல்மேடு வெள்ளி மாதிரி கிடப்பதைப் பார்க்க வேண்டுமானால் பௌர்ணமி. இரண்டும் ஒரே பயணத்தில் கிடைக்காது. நாங்கள் அமாவாசைக்கு முந்தைய நாளைத் தேர்ந்தெடுத்தோம். அமாவாசையன்று கிளம்பக் கூடாது என்று என் மாமியார் சொன்னதும் ஒரு காரணம்.

2. நான்கு நாள் போதும்

சென்னையிலிருந்து ஜோத்பூருக்கு விமானத்தில் போவதென்றால் பெரும்பாலும் டெல்லியிலோ மும்பையிலோ மாற வேண்டியிருக்கும். ஜெய்சல்மேரிலும் விமான நிலையம் உண்டு, ஆனால் குளிர்காலத்தை நம்பியே அங்கே விமானங்கள் ஓடுகின்றன. கார் பயணம்தான் உங்கள் நோக்கம் என்றால் ஜோத்பூரில் இறங்குவதே சரி. மன்னார்குடியிலிருந்து ஜோத்பூரின் பகத் கி கோட்டி நிலையத்துக்கு வாராந்திர ரயில் இருக்கிறது. நேரமும் பொறுமையும் உள்ளவர்கள் அதில் போகலாம்.

முதல் நாள் ஜோத்பூரில் இறங்கி மாலையில் மெஹ்ரான்கர் கோட்டை. ராவ் ஜோதா 1459-ல் தொடங்கிய கோட்டை அது. ஊருக்கு மேலே பாறையிலிருந்து அப்படியே வளர்ந்தது போல நிற்கும். இரண்டாம் நாள் முழுக்கச் சாலை. மூன்றாம் நாள் மணலும் சும்மா இருப்பதும். நான்காம் நாள் திரும்புதல். இதில் உதய்பூரையும் பிகானேரையும் சேர்க்கலாமே என்று ட்ராவல்ஸ்காரர் சொல்வார். சேர்த்தால் நீங்கள் பார்ப்பது ராஜஸ்தானின் நெடுஞ்சாலைகளை மட்டும்தான்.

லோங்கேவாலாவும் தனோட் மாதா கோயிலும் ஜெய்சல்மேரிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, எல்லைப்புறத்தில் இருக்கின்றன. 1971 போர் நடந்த இடம், பார்க்க வேண்டியதுதான். ஆனால் போய்வர ஒரு பகல் முழுதாகச் செலவாகும். நான்கு நாள் பயணத்தில் அது வேண்டாம் என்பது என் கட்சி.

3. எங்கே தூங்குவது: பாதிப் பயணம் இதில்தான்

ஜெய்சல்மேர் பக்கம் தங்குமிடங்கள் நான்கு வகை. ஊருக்குள் பழைய மாளிகைகளில் நடக்கும் ஹவேலி ஓட்டல்கள். ஊருக்கு வெளியே கோட்டை போலக் கட்டிய பெரிய ரிசார்ட்டுகள், உதாரணத்துக்கு சாம் சாலையிலுள்ள சூர்யாகர். சாம் மணல்மேட்டை ஒட்டி வரிசை வரிசையாகக் கூடாரங்கள். கடைசியாக, கூரி கிராமத்துப் பக்கமும் மற்ற ஒதுக்குப்புறங்களிலும் உள்ள சிறு முகாம்களும் மண்வீடுகளும்.

சாம், ஜெய்சல்மேர் ஊரிலிருந்து மேற்கே சுமார் 40 கிலோமீட்டர். எல்லோரும் போகும் இடம் அதுதான். கூரி தென்மேற்கே ஏறக்குறைய 45 கிலோமீட்டர். மணல்மேடு சாமைவிடச் சின்னது, கூட்டமும் பல மடங்கு குறைவு. முதல்முறை போகும் தம்பதி கூரிப் பக்கம் தங்குவதே நல்லது என்பேன். பணம் இடம் கொடுத்தால் ஒரு ராத்திரி கூடாரம், அடுத்த ராத்திரி ரிசார்ட் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கூடாரத்தில் இரண்டு ராத்திரி ரொமான்டிக்காக இருக்கும் என்று தோன்றும். இரண்டாம் நாள் காலை தலைமுடியில் மணலோடு எழும்போது வெந்நீர் ஷவர் தவிர வேறு நினைப்பு வராது.

எந்த முகாமானாலும் பணம் கட்டுவதற்கு முன் போன் போட்டுப் பேசுங்கள். வாட்ஸ்அப் செய்தி போதாது. நாங்கள் இரண்டாம் முறை கேட்டவை இவை. டி.ஜே. உண்டா, உண்டென்றால் எத்தனை மணிவரை? உங்களிடம் இல்லையென்றால் பக்கத்து முகாமில் உண்டா? (இந்த இரண்டாவது கேள்விக்கு எதிர்முனை கொஞ்சம் மௌனமானால் அடுத்த முகாமைத் தேடுங்கள்.) மணல்மேட்டுக்கு நடந்து போகலாமா, ஜீப்பில்தான் போக வேண்டுமா? கூடாரத்துக்கு உள்ளேயே கழிப்பறையா, வெந்நீர் குழாயில் வருமா, வாளியில் வருமா? ராத்திரி ரஜாய் (பஞ்சுப் போர்வை) எத்தனை தருவார்கள்? கூடாரத்தை உள்ளிருந்து பூட்ட முடியுமா? ஒட்டகம், ஜீப், இரவுச் சாப்பாடு எல்லாம் வாடகைக்குள் அடக்கமா? கடைசியாக, துல்லியமான இருப்பிடத்தை மேப்பில் அனுப்பச் சொல்லுங்கள். சாமிலிருந்து எவ்வளவு தூரம் என்று நீங்களே அளந்துகொள்ளலாம். ‘சாம் அருகில்’ என்று எழுதியிருப்பார்கள். அது மேட்டுக்கு எதிரிலும் இருக்கலாம், நெடுஞ்சாலை ஓரத்து வெறும் தரையிலும் இருக்கலாம்.

ஜெய்சல்மேர் கோட்டைக்குள்ளேயே தங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். ராவல் ஜெய்சல் 1156-ல் எழுப்பிய மஞ்சள் கல் கோட்டை, இன்றும் உள்ளே ஜனங்கள் குடியிருக்கும் கோட்டை. ஜன்னலைத் திறந்தால் ஊர் முழுதும் தெரியும், சந்தேகமில்லை. ஆனால் அது நிற்கும் குன்று உறுதியான பாறை இல்லை. ஓட்டல்களும் வீடுகளும் வெளியேற்றும் நீர் அடிவாரத்தில் கசிந்து சுவரைச் சரிய வைக்கிறது. பகலில் போய்ச் சுற்றிப் பாருங்கள், குளிப்பதைக் கீழே ஊரில் வைத்துக்கொள்ளுங்கள்.

4. கார்: நீங்களே ஓட்டுவதா, டிரைவரா?

எங்கள் வீட்டில் வண்டி ஓட்டுபவர் என் மனைவி. நான் மேப் பார்ப்பவன். அதனால் ஜோத்பூரில் வாடகைக் காரை நாங்களே எடுத்தோம். சாலை நன்றாக இருக்கிறது, நேராக இருக்கிறது, கூட்டம் குறைவு. ஊரில் ஒழுங்காக வண்டி ஓட்டுபவர் இங்கேயும் ஓட்டலாம். இருவருமே நெடுஞ்சாலைக்குப் புதிது என்றால் டிரைவரோடு வண்டி எடுத்துக்கொள்ளுங்கள், தனிமை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

வண்டியை வாங்கும்போது நம்பர் பிளேட்டைப் பாருங்கள். சுய ஓட்ட வாடகை வண்டிக்குக் கறுப்புப் பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளைப் பிளேட் வண்டியைக் குறைந்த வாடகைக்குத் தருகிறேன் என்று ஒருவர் வந்தால் அது சொந்தக் கார். சட்டப்படி வாடகைக்கு விடக் கூடாது, விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கைவிரித்துவிடும். ஸ்டெப்னியைக் கையால் அழுத்திப் பாருங்கள், ஜாக்கி இருக்கிறதா பாருங்கள், நான்கு பக்கமும் கீறல்களை வீடியோ எடுங்கள். டேங்க்கை ஜோத்பூரில் நிரப்பி, போக்ரானில் ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும்.

தார் பாலைவனத்தில் தார் ரோட்டை விட்டு இறங்காதீர்கள். இந்த ஒரு விதியை மறந்துதான் பலர் மாட்டுகிறார்கள். மணல் பார்க்கக் கெட்டியாக இருக்கும், முன்சக்கரம் ஏறியதும் உள்வாங்கும். பதற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் சக்கரம் தனக்குத்தானே குழி தோண்டிக்கொள்ளும். மாட்டிக்கொண்டால் மிதிப்பதை நிறுத்தி, இறங்கி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மணலைக் கையால் வாரித் தள்ளி, ரப்பர் மேட்டை டயருக்கு அடியில் செருகி, வந்த வழியிலேயே மெதுவாகப் பின்னால் எடுங்கள். டயர் காற்றைக் கொஞ்சம் இறக்குவதும் உதவும், ஆனால் மறுபடி காற்றடிக்க பம்ப் வேண்டும். சாலையின் மேலேயே மணல் படர்ந்து கிடக்கும் இடங்களும் உண்டு. அங்கே பிரேக்கைச் சட்டென்று மிதிக்காமல் வேகத்தை முன்கூட்டியே குறையுங்கள்.

இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள். ஒட்டகம் சாலையைக் கடக்கும்போது அவசரப்படாது. அதன் உடம்பு ஹெட்லைட் வெளிச்சத்துக்கு மேலே இருக்கும், உங்களுக்குத் தெரிவது நான்கு குச்சிக் கால்கள்தான். மாடுகளும் நீல்காய் மான்களும் அப்படியே. ராணுவ லாரி வரிசை வந்தால் இடையில் நுழையாமல் ஒதுங்கி வழிவிடுங்கள்.

5. பையில் என்ன?

சென்னைக்காரர்களிடம் ஸ்வெட்டர் இருப்பதில்லை, ஊட்டிக்கு வாங்கியது பரணில் கிடக்கும். அதை இறக்குங்கள். ஜனவரி இரவில் 5, 6 டிகிரிக்குப் போகும். அதே நாள் மதியம் டி-சர்ட் போதும். ஆகவே கனமான ஒரு ஜாக்கெட்டைவிட ஒன்றன்மேல் ஒன்றாகப் போடக்கூடிய மூன்று துணிகள் நல்லது. சாக்ஸ் கட்டாயம். மங்கி கேப்பைப் பார்த்துச் சிரிப்பவர், விடியற்காலை ஐந்து மணிக்கு அதைக் கடன் கேட்பார்.

காற்றில் ஈரமே இருக்காது. கடற்கரை ஊர்த் தோல் இரண்டாம் நாளே வெடிக்கத் தொடங்கும். ஒரு சின்னப் பாட்டில் தேங்காய் எண்ணெய் உதடு, மூக்கின் உள்பக்கம், குதிகால் எல்லாவற்றுக்கும் ஆகும். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் கண்ணாடிக்கு மாறிக்கொள்ளுங்கள். இரண்டு பேரின் அசல் ஆதார் அட்டையும் கையில் இருக்கட்டும். எல்லை மாவட்டம், ஓட்டலில் இருவரிடமும் கேட்பார்கள்.

6. சாலை நாள்: ஜோத்பூர், கீச்சன், போக்ரான், ஜெய்சல்மேர்

நேர்வழியில் போனால் சுமார் 280 கிலோமீட்டர், ஐந்து மணிநேரம். நான் சொல்வது சுற்றுவழி. ஓசியான், பலோடி வழியாகப் போனால் நாற்பது ஐம்பது கிலோமீட்டர் கூடும். ஆனால் இந்தப் பயணத்தில் மணலுக்கு அடுத்தபடி மனசில் நிற்கும் காட்சி அந்த வழியில்தான் இருக்கிறது.

காலை ஐந்தரைக்கு ஜோத்பூரை விட்டுக் கிளம்புங்கள். இருட்டில் ஓட்டக் கூடாது என்ற விதிக்கு இது ஒன்றே விலக்கு, விடியும்வரை மெதுவாகப் போங்கள். வெளிச்சம் வந்ததும் இருபுறமும் பாருங்கள். சீமைக் கருவேலம், எருக்கு, நடுநடுவே ஒற்றை மரங்கள். ராமநாதபுரம் பக்கம் போவது போலவே இருக்கும். அந்த ஒற்றை மரம்தான் இவர்கள் கேஜ்ரி என்று கும்பிடுவது, நம்மூர்க் கோயில்களில் நிற்கும் வன்னி. ஜோத்பூருக்குப் பக்கத்துக் கேஜர்லி கிராமத்தில், 1730-ல், அரண்மனைக்காக இந்த மரங்களை வெட்ட வந்தவர்களைத் தடுத்து அம்ரிதா தேவியும் பிஷ்னோய் மக்களுமாக 363 பேர் உயிர் விட்டார்கள். வயலுக்கு நடுவே ஒரு வன்னியை விட்டுவைத்து அதைச் சுற்றி உழுதிருப்பதை இந்த வழி முழுக்கப் பார்க்கலாம்.

பலோடியைத் தொட்டாற்போல் இருக்கும் கீச்சன் கிராமத்துக்கு எட்டரைக்குள் போய்விடுங்கள். மங்கோலியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் இமயமலையைத் தாண்டி டெமாய்செல் கொக்குகள் ஒவ்வொரு குளிர்காலமும் ஆயிரக்கணக்கில் இங்கே வருகின்றன. ஊர்க்காரர்களுக்கு அவை குர்ஜா. ஊரின் ஓரத்தில் வேலி போட்ட ஒரு திடலில் சமண வணிகக் குடும்பங்களின் ஆதரவில் தினமும் காலையில் தானியம் போடுகிறார்கள். நாங்கள் போனபோது ஒரு வீட்டு மொட்டை மாடியில் ஏற்றிவிட்டார்கள். முதலில் சத்தம்தான் வந்தது, நூறு தகரக் கதவுகளைத் தூரத்தில் ஒரே நேரத்தில் திறப்பது போல. பிறகு வானத்தின் ஓரம் கறுத்து வரிசை வரிசையாக இறங்கின. சாம்பல் உடம்பு, கறுத்த கழுத்து, கண்ணோரத்தில் வெள்ளை இறகுக் குஞ்சம். ஒரு நாய் குரைத்ததும் மொத்தக் கூட்டமும் எழும்பி, ஒரு வட்டம் அடித்து, மறுபடி இறங்கியது. மனைவி மேப்பைப் பிடுங்கி, “இன்னும் ஒரு மணிநேரம் இங்கேதான்” என்றார். அதனால் சொல்கிறேன், இங்கே நேரத்தை இறுக்கிப் பிடிக்காதீர்கள்.

பதினோரு மணி வாக்கில் ராம்தேவ்ரா. இந்துக்கள் பாபா ராம்தேவ் என்றும் முஸ்லிம்கள் ராம்ஸா பீர் என்றும் வணங்கும் ஒருவரின் சமாதி. வாசலில் துணியால் செய்த குதிரைப் பொம்மைகள் விற்பார்கள், நேர்த்திக்கடன் அது. அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் போக்ரான்.

போக்ரான் என்றதும் நமக்கு அணுகுண்டுதான் நினைவுக்கு வரும். 1974 மே 18-லும், 1998 மே 11, 13 தேதிகளிலும் சோதனை நடந்த வட்டாரம். இரண்டாம் சோதனையின்போது அப்துல் கலாம் ராணுவ உடையில், மேஜர் ஜெனரல் பிருத்விராஜ் என்ற பெயரில் இங்கே வந்துபோனார். ஆனால் சோதனைத் திடல் ராணுவப் பகுதி, பார்வையாளர்களுக்கு அனுமதி கிடையாது. “குண்டு வெடிச்ச இடத்தைக் காட்டறேன்” என்று யாராவது கூட்டிப் போனால் அது வெறும் பொட்டல். போக்ரானில் ஒரு நல்ல ஓட்டலில் மதியச் சாப்பாட்டை முடியுங்கள். கழிப்பறைக்காகவும் சொல்கிறேன், இந்த வழியில் பெண்களுக்கு அதுவே பெரிய பிரச்சினை.

போக்ரானுக்குப் பிறகு 110 கிலோமீட்டர் நேர்க்கோடு. இங்கேதான் தூக்கம் வரும், இங்கேதான் சண்டையும் வரும். எங்களுக்கு வந்தது, ஏசி எத்தனையில் வைப்பது என்று. வண்டியை ஓரங்கட்டி டீ குடியுங்கள். ஜெய்சல்மேர் நெருங்க நெருங்கக் காற்றாலைகளும் மின்கம்பிகளும் அடர்ந்து வரும். ஒரு காலத்தில் தமிழ்நாட்டிலும் இருந்த கானமயிலின் கடைசிப் புகலிடம் இந்த வட்டாரம். இயற்கையில் நூற்றைம்பது வாக்கிலேயே எஞ்சியுள்ள அந்தப் பறவைகளில் சில இந்தக் கம்பிகளில் மோதித்தான் சாகின்றன.

ஊருக்குள் நுழையும்போது மோட்டார் பைக்கில் ஒருவர் ஒட்டி வந்து கண்ணாடியைத் தட்டுவார். “எந்த முகாம்? அது மூடிட்டாங்க, நல்ல இடம் காட்டறேன்” என்பார். இவர்களுக்கு இங்கே லப்கா என்று பெயர். கண்ணாடியை இறக்காமல் போய்க்கொண்டே இருங்கள்.

7. மணலில் ஒரு மாலை, ஒரு இரவு, ஒரு காலை

ஜெய்சல்மேர் சென்னையைவிட வெகு மேற்கே இருக்கிறது. கடிகாரம் ஒன்றுதான், ஆனால் சூரியன் பிந்தி எழும். டிசம்பரில் காலை ஏழே கால், ஏழரைக்குத்தான் உதயம். ஆக, சூரியோதயம் பார்க்க நாலு மணிக்கு எழ வேண்டியதில்லை. ஆறரைக்கு எழுந்து டீ குடித்துவிட்டே மேட்டில் ஏறலாம். மாலை ஆறு மணி வாக்கில் அஸ்தமனம், அதற்கு ஒரு மணிநேரம் முன்னதாக மணலில் இருங்கள்.

ஒட்டகத்தில் ஏறுபவர்களுக்கு ஒரு விஷயம். ஒட்டகம் எழும்போது பின்னங்காலை முதலில் தூக்கும். நீங்கள் முன்னால் குப்புற விழப்போவீர்கள், சேணத்தின் முன்கட்டையைப் பிடித்துக்கொண்டு நன்றாகப் பின்னால் சாயுங்கள். உட்காரும்போது முன்னங்காலை முதலில் மடக்கும், அப்போதும் பின்னால்தான் சாய வேண்டும். பலர் இறங்கும்போது மறந்து மூக்கை உடைத்துக்கொள்கிறார்கள். ஏறுவதற்கு முன் கூலியை இருவருக்கும் சேர்த்தா, தலைக்கா என்று பேசிவிடுங்கள்.

ஜீப் சவாரி எனக்குப் பிடிக்கவில்லை. தார் பாலைவனத்தில் தார் ஜீப் என்று விளம்பரம் செய்வார்கள். மேட்டின் உச்சியிலிருந்து தலைகீழாக இறக்கிக் கத்த வைப்பது ஐந்து நிமிஷ சுகம். வண்டி கவிழ்ந்தால் காப்பாற்ற பெரும்பாலும் பெல்ட் இருக்காது. வேண்டுமென்றால் பெல்ட் உள்ள வண்டியாகப் பார்த்து ஏறுங்கள்.

ராத்திரிப் பாட்டுக்கு இங்கே சொந்தச் சொத்து இருக்கிறது. மங்கணியார்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடும் முஸ்லிம் குடும்பங்கள், அவர்களை ஆதரித்தவர்கள் ராஜபுத்திரர்கள். கமாய்ச்சா என்ற வில்வாத்தியம், இரண்டு கையிலும் மரத்துண்டுகளைத் தட்டும் கர்த்தால், கூடவே மோர்ச்சங். கச்சேரியில் கேட்கும் அதே மோர்சிங்தான். ஸ்பீக்கர் இல்லாமல் ஒரு மணிநேரம் பாட முடியுமா என்று முகாமில் முன்கூட்டியே கேளுங்கள். எங்களுக்கு ஒரு தாத்தாவும் பேரனும் வந்தார்கள். தாத்தா பாடிய சுரத்தைப் பேரன் எட்டிப்பிடிக்காதபோது அவர் கமாய்ச்சாவின் வில்லால் அவன் முழங்காலில் மெல்லத் தட்டினார். பாட்டு நிற்கவில்லை.

ஒன்பது மணிக்கு விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு மணலில் ரஜாயை விரித்துப் படுங்கள். டிசம்பர், ஜனவரியில் கிழக்கே ஓரியன் எழுந்திருக்கும். அதன் தோளில் சிவந்து தெரிவது நம் திருவாதிரை. தலைப்பக்கம் மங்கலாக மூன்று புள்ளி, மிருகசீரிடம். அதற்கு மேலே ஆரஞ்சு நிறத்தில் ரோகிணி, இன்னும் மேலே கொத்தாகக் கார்த்திகை. பொருத்தம் பார்க்கும்போது ஜோசியர் தாளில் எழுதும் நட்சத்திரங்களில் சில இவை. என் மனைவியின் ரோகிணியைக் காட்டினேன். என்னுடையது பூராடம், அது அந்தப் பருவத்தில் ராத்திரியில் தெரியாது என்று சொன்னதும், “எதிர்பார்த்ததுதான்” என்றார்.

8. சாப்பாடு

ஜோத்பூர் மிர்ச்சி வடா நம் மிளகாய் பஜ்ஜியின் பெரியண்ணன், உள்ளே உருளைக்கிழங்கு. பருப்பும் நெய்யில் ஊறிய உருண்டை ரொட்டியுமான தால் பாட்டி சூர்மா மதியத்தில் சாப்பிட்டால் அடுத்து தூக்கம்தான், ஓட்டும் நாளில் வேண்டாம். கட்டாயம் சாப்பிட வேண்டியது கேர் சாங்க்ரி. கேர் என்பது ஒரு முட்புதரின் காய், சாங்க்ரி என்பது வன்னியின் காய்ந்த நெற்று. கொஞ்சம் சுண்டைக்காய் வற்றலின் குணம், அந்தப் புளிப்பும் துவர்ப்பும் நம் நாக்குக்கு அந்நியமில்லை. கம்பு ரொட்டியும் பூண்டுச் சட்னியும் மோரும் இருந்தால் தயிர்சாத நினைப்பு இரண்டு நாள் வராது. ஜெய்சல்மேரில் கோட்டுவா லட்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஊர்வரை தாங்கும்.

9. மூன்றாம் நாள் பகல்

காலை மணலிலிருந்து இறங்கி ரிசார்ட்டுக்குப் போய் வெந்நீரில் குளியுங்கள். பிறகு மூன்று மணிவரை ஒன்றும் செய்யாதீர்கள். இதற்காகத்தான் உதய்பூரை வெட்டினோம். மாலையில் கோட்டைக்குள் ஒரு நடை, வெளியே பட்வா ஹவேலிகள், இருட்டும் நேரம் காடிசர் ஏரிக்கரை.

சாம் சாலையில் குல்தராவுக்கும் பத்து நிமிஷம் ஒதுங்கலாம். பாலிவால் பிராமணர்கள் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைவிட்டுப் போன ஊர். திவான் சாலிம் சிங்கின் கொடுமை தாங்காமல் ஒரே ராத்திரியில் போனார்கள், பேய் நடமாடுகிறது என்று கதை சொல்வார்கள். கிணறு வற்றியதால் போனார்கள் என்ற விளக்கம்தான் அங்கே நின்று பார்க்கும்போது எனக்குப் பொருத்தமாகத் தோன்றியது. கூரையில்லாத வீடுகளின் நடுவே தெருக்கள் இன்னும் நூல் பிடித்தாற்போல் நேராக இருக்கின்றன.

10. திரும்பும் நாள்

ஜோத்பூர் விமானம் மாலையில் என்றால் மட்டும் அன்றே ஓட்டுங்கள், நேர்வழியில். விமானத்துக்கு ஒன்பது மணிநேரம் முன்னால் ஜெய்சல்மேரை விட்டுக் கிளம்பினால் ஒரு பஞ்சரையும் ஒரு ரயில்வே கேட்டையும் சமாளிக்கலாம். காரை ஜெய்சல்மேரிலேயே விட்டுவிட்டு இரவு ரயிலில் ஜோத்பூர் வருவதும் ஒரு வழி, வாடகைக் கம்பெனி அதற்குத் தனிக் கட்டணம் கேட்கும்.

வீட்டுக்கு வந்ததும் பையை அப்படியே வாஷிங் மெஷினில் கவிழ்க்காதீர்கள். தார் மணல் கடற்கரை மணல் போலக் குருணை இல்லை, மாவு. பாக்கெட், சாக்ஸ் மடிப்பு, போன் கவர் எல்லாவற்றையும் மொட்டை மாடியில் உதறிவிட்டுப் போடுங்கள். நாங்கள் உதறாமல் போட்டோம். மெஷின் ஃபில்டரைக் கழற்றும்போதெல்லாம் ஆடி மாதம்வரை ஜெய்சல்மேர் வந்துகொண்டே இருந்தது.